பேசுவோர் தொகை: இரண்டு

பேர்னில் ஒன்பதாம் இலக்க டிராமில்
கட்டம் போட்ட கொப்பியில் ஒரு மொழி செய்கிறேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்கள் ஆயிற்று.
உயிரெழுத்து ஐந்து. ஆண்பால் பெண்பால் இல்லை.
நீ, நீர், நீங்கள் என்ற படிக்கட்டு இல்லை.
ஒரு வினையும் இதுவரை முரண்டு பிடித்ததில்லை.

பகலில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை.
வாபெர்னில், அகதி மனு விசாரிக்கும் அறையில்,
அதிகாரிக்கும் பெடியனுக்கும் நடுவே என் கதிரை.
கூட்டமாட்டேன் குறைக்கமாட்டேன் என்று
கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள்.

"அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்களாம்"
என்கிறான் பெடியன்.
அந்த 'ஆம்' இருக்கிறதே, கடுகளவு.
அதற்குள்
படலையில் சைக்கிளை விட்டு இறங்காமலே
யாரோ சொல்லிப்போன குரல் இருக்கிறது,
அதை நம்பாமல் அடுப்பை மூட்டப்போன தாய் இருக்கிறாள்.
ஜெர்மனில் அதற்கும் ஒரு வினைவடிவம் உண்டு.
அதில் சொன்னால் நானே அவனைச் சந்தேகிப்பதுபோல் கேட்கும்.
சொல்லாமல் விட்டால்
நேரில் கண்டதாகப் பதிவாகிவிடும்.
"கண்டாரா, கேட்டாரா?"
அதிகாரியின் விரல் தட்டாமல் அந்தரத்தில் நிற்கும்.

அந்தக் கடுகுதான் முளைத்தது.
என் மொழியில் வினை தனியே வெளிக்கிடாது.
கண்டதற்கு ரு. கேட்டதற்கு மி.
மணத்தை வைத்து அறிந்ததற்கு ஸே.
கனவுக்கு ஒன்று,
சொல்லச்சொல்லித் தந்ததைச் சொல்வதற்கு ஒன்று.
'ஓசெ' என்றால் மண்ணுக்குள் வைப்பது,
வெங்காயமோ உடலோ, ஒரே சொல்.
ஓசெரு: வைத்ததைக் கண்டேன்.
ஓசெமி: வைத்தார்களாம்.
எவ்வளவு துப்புரவு என்று
எனக்கு நானே மெச்சிக்கொண்ட இரவுகள் உண்டு.

கேதீஸ் கேட்டார்: "இதைக் கதைச்சு ஒரு கோப்பி வாங்கலாமோ?"
ஏலாது.
"இருக்கிற மூண்டு மொழியிலயும்
என்னோட கதைக்க உமக்கு நேரமில்லை."
அதுவும் சரிதான்.
ஆனால் இந்த மொழியில்
யாருடைய மனுவும் இன்னும் நிராகரிக்கப்படவில்லை.
என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு
யாரும் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக,
திரும்பச் சொன்னதில்லை.

லெம்லெம் திக்ரின்யா மொழிபெயர்ப்பாளர்.
கோப்பி மெஷினடியில் கொப்பியைக் கண்டுவிட்டாள்.
சிரிப்பாள் என்றிருந்தேன்.
"கேள்வி கேட்பது எப்படி?" என்றாள்.
பக்கங்களைப் புரட்டினேன்.
கேள்வியை நான் செய்யவே இல்லை.

மூன்று மாதத்தில் நானூறு சொல் பிடித்தாள்.
அதிகாரிகள் கடந்துபோகையில் வானிலை கதைத்தோம்:
பனி விழுகிறது, கண்டேன்.
மலையில் பனி விழுகிறதாம்.
அதற்கு மேல் போக எங்கள் இலக்கணத்துக்கு
மூச்சு இல்லை.

மாசியில் ஒரு செவ்வாய்.
கெரெனில் அவளுடைய தாய் போய்விட்டாள்.
திரும்பி அந்த நாட்டுக்குள் கால்வைக்க
அவளுக்கு வழியில்லை.
இடைவேளையில் வந்து பக்கத்தில் நின்றாள்.
ஜெர்மனில் தொடங்கி, நிறுத்தினாள்.
பிறகு எங்களுடையதில்:
"அம்மா. ஓசெரு."

ரு.
பிழை, மி வரவேண்டும் என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
தொழில் அப்படி.
இங்கிருந்து அங்கே நாலாயிரம் கிலோமீட்டர்.
மெஷினில் யாருடையதோ பால்
நுரைத்துக் கோப்பைக்கு வெளியே வழிந்தது,
இருவரும் அதைப் பார்த்தபடி.
"ஓசெரு" என்றேன் நானும்.

பின்னேரம் டிராமில்
'விதிவிலக்குகள்' என்று ஒரு பக்கத்துக்குத் தலைப்பிட்டேன்.
ஈகர்பிளாட்ஸ் வந்தும் கீழே ஒன்றும் எழுதவில்லை.
கேள்விக்கு இன்னும் விகுதி செய்யவில்லை.
லெம்லெமிடம் சொன்னேன்.
அவசரமில்லையாம்.